மங்களம் பாடிய தாலாட்டு

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் அம்மன் உற்சவமோ கணேஷ் பந்தலோ, எதுவானாலும் மேடையோரம் சவுண்டு மிக்சருக்குப் பின்னால் சுந்தரமூர்த்தி உட்கார்ந்திருப்பான். பகலில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். எங்கள் மெல்லிசைக் குழுவுக்கு சவுண்டு அவன், கீபோர்டு நான், பாடகி அவன் மனைவி மங்களம். முதல் பாட்டைக் கன்னடத்தில் பாடிக் கூட்டத்தைக் கைக்குள் போட்டுக்கொண்டுதான் அவள் தமிழுக்கு வருவாள்.

சுந்தரமூர்த்தி தொழில் கற்றது பழைய எக்கோ மெஷினில். அதில் மீட்டர் முள் சிவப்பைத் தொட்டால் குரல் சற்றே தடித்து இன்னும் இனிப்பாகக் கேட்கும். அந்த ருசி அவன் காதில் ஊறிவிட்டது. பிறகு டிஜிட்டல் எஃபெக்ட்ஸ் பெட்டி வாங்கினோம். இதில் சிவப்பு விளக்கு எரிந்தால் குரலின் உச்சியைப் பெட்டி வெட்டித் தள்ளுகிறது என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். "நீ உன் கீபோர்ட பாருப்பா" என்பான். சிவப்பு எரிந்தால் அவன் கை, குரல் உள்ளே போகிற இன்புட் பக்கம் போகாது, வெளியே வருகிற அவுட்புட்டைத்தான் குறைப்பான். தெருவில் தமட்டை மேளத்துக்கும் பட்டாசுக்கும் நடுவே கொஞ்சம் கரகரத்தால் யார் கண்டது? அப்படியே காலம் ஓடியது.

போன வருஷம் மங்களத்தின் தொண்டையில் கட்டி என்றார்கள். குரல்வளையையே எடுக்க வேண்டும். அப்போதும் அவள் குரலில் ஒரு பிசிறு இல்லை, அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை. அவர்கள் மகள் தாரணி கோயம்புத்தூரில் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு தாலாட்டாவது பாடி வைத்துவிட வேண்டும் என்பது மட்டுமே மங்களத்தின் ஆசை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டிலேயே பதிவு செய்தோம். ஜன்னலில் தலையணையை அடைத்து, ஃபேனை நிறுத்தினோம். தொண்டையை அலட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், பாட்டுக்கு முன்னால் மைக்கில் சத்த லெவல் பார்க்கும்போது அவள் வாய்க்குள்ளேயே முனகினாள்.

"கொஞ்சம் குரல் விட்டுப் பாடு மங்களா" என்றான் சுந்தரமூர்த்தி.

"இருக்கிறத பாட்டுக்கு வெச்சிருக்கேங்க."

அந்த முனகலுக்குத் தக்கபடி அவன் இன்புட்டை முழுக்கத் திறந்து வைத்தான்.

பிறகு அவள் பாடினாள். எத்தனையோ மேடைகளில் அவளுக்கு வாசித்திருக்கிறேன், அப்படி ஒரு நாளும் கேட்டதில்லை. இரண்டாவது சரணத்தில் முகம் தெரியாத அந்தக் குழந்தையைக் கூப்பிடுகிற இடத்தில், வைத்திருந்த குரலையெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கியது. சிவப்பு விளக்கு எரிந்து எரிந்தபடியே நின்றதாம், பிறகு அவனே சொன்னான். அவளை நிறுத்தி மறுபடி பாடச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. பழக்கதோஷம், கை தானாகப் போய் அவுட்புட்டைக் குறைத்தது. ஹெட்போனில் சத்தம் அடங்கியது, மிச்சக் கரகரப்பை எக்கோ மூடிவிட்டது. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதுதான் நிதானமாகப் போட்டுக் கேட்டிருக்கிறான். குரல் ஏறுகிற இடமெல்லாம் கிழிந்து கிடந்தது. பிரேசர் டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ராகேஷிடம் ஓடினோம்.

"உள்ள போறப்பவே வெட்டிடுச்சு அங்கிள்" என்றான் ராகேஷ். "நீங்க வெளிய கம்மி பண்ணதுல, வெட்டினது கம்மியா கேக்குது, அவ்ளோதான். இல்லாதத நான் எங்கேர்ந்து கொண்டாறது?"

சுந்தரமூர்த்தியைப் பார்க்க எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் திட்ட வாய் வரவில்லை.

பாட்டு அருமையாக வந்திருக்கிறது, தாரணிக்கு அனுப்பிவிட்டேன் என்று மங்களத்திடம் சொன்னான். இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்று தாரணியிடம் சொன்னான். மங்களம் இனி வாய் திறந்து எதையும் கேட்கப் போவதில்லை என்ற தைரியம் போலிருக்கிறது.

குழந்தை பிறந்த மறுவாரம் நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தபோது தாரணி வீடியோ காலில் வந்தாள். மடியில் குழந்தை.

"அம்மா, பாட்டு இன்னும் வரலம்மா. அப்பா இதோ அதோன்றாரு. பாப்பாக்கு உன் குரல் கேக்கணும்ல?"

மங்களம் போனை அணைத்துக் கீழே வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பைக் காட்டினாள். அவனுக்கு வேறு வழியில்லை, போட்டான்.

பாட்டு முடியும்வரை அவள் அசையவில்லை. முடிந்ததும் தொண்டையில் போட்டிருந்த பேண்டேஜின்மேல் கைவைத்து உதட்டை மட்டும் அசைத்தாள். பாடினப்பவே என் குரல் போயிடுச்சு என்கிறாள் என்று புரிந்தது.

"இல்ல மங்களா, சத்தியமா இல்ல. நீ நல்லாத்தான் பாடின. நான்தான் உள்ள ஜாஸ்தி வெச்சுட்டேன். கெடுத்தது நான்தான்" என்று அவன் தேம்பி அழுதான். புடவைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டு, வேண்டாம் என்பதுபோல் தலையாட்டினாள். ஏற்கெனவே பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன். இதுவும் தன்னைத் தேற்றச் சொல்வது என்றே நினைத்துவிட்டாள்.

"தங்கச்சி, நான் பக்கத்துலயே இருந்தேன். ஒரு சுருதி விலகல" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மேடையில் நான் தப்பாக வாசித்த நாட்களில், யாரும் கவனிக்கலண்ணா என்று சொல்லிச் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. பிறகு லேப்டாப்பைக் காட்டி, கையால் துடைப்பதுபோலச் செய்தாள். அழித்துவிடுங்கள், குழந்தை இதைக் கேட்க வேண்டாம் என்று.