பொட்டு வைத்த காற்றுமானி

மேசை விசிறியின் வேகம் கூடும்போது அதன் தொண்டையிலிருந்து மெல்லிய ஊளை ஒன்று கிளம்பும். மயிலாப்பூர் வீட்டில் அது கேட்கும்போதெல்லாம் எழுதுவதை விட்டுவிட்டுச் சிரிக்கிறேன். ஊளையோடு கூடவே சந்தன வாசனையும் உப்புக்காற்றும் பாலவாக்கத்து மொட்டைமாடி ஒன்றும் வந்துவிடுகின்றன.

அந்த மாடியில் என் கல்லூரிக் காலத்து நண்பன் சின்னதாக ஒரு காற்றாலை வைத்திருந்தான். தேனாம்பேட்டையில் இன்வெர்ட்டர் கடை அவனுக்கு. குடியிருப்பது கடலுக்குப் பக்கத்தில், மாடி போர்ஷனில், வாடகைக்கு. கம்பத்தின் உச்சியில் மூன்று இறக்கைகள். படிக்கட்டு விளக்குகளும் அவன் வீட்டு விசிறிகளும் அந்த மின்சாரத்தில்தான் ஓடின. கடற்காற்றுக்கோ நிதானம் கிடையாது. மத்தியானம் வரை தூங்கும், பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வரும். அதனால் கைப்பிடிச் சுவரோரம் தனிக் குச்சியில் ஒரு காற்றுமானி: சின்னக் கிண்ணங்கள் கோத்த சக்கரம். அது சுழலும் வேகத்தைப் பார்த்து, காற்று மிஞ்சினால் கண்ட்ரோல் பெட்டி இறக்கைகளுக்கு பிரேக் போடும்.

வைத்த புதிதில், பெட்டி பழகும் முன், ஒருமுறை காற்றாலை அலறிவிட்டது. வீட்டுக்கார அம்மாவின் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருப்பது. "இன்னொரு தடவ அலறுச்சுன்னா இறக்கிரணும் தம்பி" என்று மட்டும் சொன்னார் அவர். அதற்குப் பிறகு நண்பன் தூக்கத்திலும் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆயுதபூஜையன்று சுண்டலுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தான். மாடியில் நின்றோம். தூரத்தில் கடல் சில்லறைபோல மினுங்கியது.

"பாரு மச்சி, இன்னா அழகா சுத்திக்கினு கீது."

சொல்லி வாய் மூடவில்லை, காற்று ஏறியது. இறக்கைகளின் வேகம் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. முனகல் ஊளையாகி, ஊளை அலறலாகி, கம்பம் நடுங்கியது. அவன் பாய்ந்து, கையால் பிரேக் போடும் சுவிட்சை அழுத்தினான். இறக்கைகள் தளர்ந்து நின்றபோது, சுண்டல் பாத்திரத்தோடு வீட்டுக்கார அம்மா படியேறி வந்திருந்தார்.

"என்ன தம்பி, பூசையும் அதுவுமா?"

அவன் பெட்டியைப் பார்த்தான். திரையில் காற்றின் வேகம் பூஜ்யம். எங்கள் சட்டைகள் படபடத்துக்கொண்டிருந்தன.

"காத்தே இல்லன்னு சொல்லுது மச்சி. இன்னாடா ஆச்சு இதுக்கு?"

குச்சியருகே போனேன். கிண்ணம்தோறும் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம், கழுத்தில் இறுக்கிச் சுற்றிய மல்லிகைச்சரம். கல்யாணப் பெண்போல அசையாமல் உட்கார்ந்திருந்தது சக்கரம்.

"நான்தான் காலைல வச்சேன்" என்றார் அம்மா, குரல் இறங்கி. "எல்லா மிஷினுக்கும் வைக்கோம், இத மட்டும் விட்டா மனசு கேக்குமா? பெருசு எட்டல. இது அதோட குட்டின்னு நெனச்சேன்."

நண்பன் சிரிக்கப் பயந்து என்னைப் பார்த்தான். முதலில் சிரித்தது அவர்தான், முந்தானையால் வாயைப் பொத்தி, தோள் குலுங்க. "பாவம், கண்ணக் கட்டி விட்டுட்டு, ஏன் இப்படி ஓடுதேன்னு அதட்டுதேன் பாருங்க."

"என் மேலயும் தப்பு கீதும்மா. ஒரு மொழம் பூவுக்குப் பெட்டி ஏமாறக் கூடாது. றெக்கை சுத்துற வேகத்தையும் அது தனியா பாக்கணும். இன்னிக்கே மாத்திடறேன்."

"அப்ப இறக்க வேணாமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"மொதல்ல சுண்டலத் தின்னுங்க."

மடிக்கணினியும் மடியுமாக அவன் உட்கார்ந்துவிட்டான். வேலை முடிந்ததும் அவிழ்த்த மல்லிகையை அவனே திரும்பச் சுற்றினான், வேண்டுமென்றே. பிரேக் சுவிட்சை விடுவித்தான். காற்று கோபமாக வந்தது. சக்கரம் அசையவில்லை, ஆனால் இறக்கைகள் வேகம் ஏறி, ஓரளவில் தயங்கி, அடங்கி, பூனைபோல உறுமிக்கொண்டு சுழன்றன. அம்மா காதைச் சாய்த்துக் கேட்டார். பூவை அவிழ்த்துக் கூந்தலில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் கிளம்பும்போது படிக்கட்டு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வண்டியைக் கிளப்பினேன். கேட்டுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"தம்பி, அடுத்த வருசமும் சுண்டலுக்கு வந்துருங்க. பொட்டு கம்பத்துக்குத்தான்."