விரலில் ஒட்டிய மஞ்சள்

என் தங்கையின் விரல்களை நான் தினமும் சோதிப்பேன். திருட்டுத்தனமாக வெடி சுருட்டும் கொட்டகை ஒன்றில் தீப்பிடித்து அவளுடைய இடது கை வெந்துபோயிருந்தது. இனி மருந்தைத் தொடுவதில்லை என்று இருக்கன்குடி மாரியாத்தா மேல் சத்தியம் செய்தாள். எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் வெடிமருந்துதான். காய்ச்சலுக்குத் தருவதெல்லாம் மாத்திரை. அந்தச் சத்தியத்தை மாரியாத்தா நம்பியிருக்கலாம். நான் நம்பவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் இருக்கும். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் அடைத்துக் கிடந்த மழைக்காலம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வேலி போட்டுக் காக்கிற சின்னக் காடு ஒன்று உண்டு. ஆடுகூட உள்ளே நுழையக் கூடாது. அதற்குள் வெளியூர்க்காரர்கள் சிலர் பழைய செய்தித்தாள்களைக் கட்டுக் கட்டாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். சிவகாசிப் பக்கத்தில் பழைய பேப்பர் எதற்கு? வெடிக்குழாய் சுருட்டத்தான்.

அந்த வாரமே தங்கை விரல் நுனியெல்லாம் மஞ்சளாக வீட்டுக்கு வந்தாள். கந்தகம்! முகர்ந்து பார்த்தேன், வாடை இல்லை. சோப்புப் போட்டு வாடையை மட்டும் போக்கியிருப்பாள், கள்ளி.

"எங்கன போயிட்டு வாரட்டி?"

"மருந்து..." என்று தொடங்கினாள். மீதியை நான் கேட்கவில்லை. போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

மறுநாள் அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன். வேலிக்குள் மரத்தடியில் உட்கார்ந்து பேப்பர் மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. பாய்ந்து போய்ப் பேப்பர்க் கட்டைப் பிடுங்கினேன். பேப்பர் பிரிந்து சிதறியது. தரையெல்லாம் பூ. நீல விஷ்ணுகிராந்தி, ஊதாக் கொளுஞ்சி, தும்பை, நெருஞ்சி, செங்காந்தள். புல்லின் பூகூட ஒடியாமல் படுத்திருந்தது. தங்கை விரலில் இருந்தது ஆவாரம்பூவின் மகரந்தம்.

"மருந்துச் செடின்னு முழுசாச் சொல்ல விட்டியாக்கா?"

இந்தச் சின்ன வேலிக்குள் எத்தனை வகைச் செடி பூக்கிறது என்று கணக்கெடுத்து, ஒவ்வொன்றையும் பேப்பருக்குள் அழுத்திக் காயவைத்துக் கொண்டுபோக வந்ததாகக் கண்ணாடி அம்மா சொன்னார்.

"பூவை எண்ணுறதுக்கா இம்புட்டு தூரம் வந்தீக?" என்றேன். எனக்கு அப்போதும் முழு நம்பிக்கை வரவில்லை. ஆனால் தங்கை வெந்து ஒட்டிப்போன விரல்களால் ஒரு காம்பை நிமிர்த்திப் பேப்பரில் வைத்ததைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். அன்றோடு அவள் கையை முகர்ந்து பார்ப்பதை விட்டேன். மஞ்சளைப் பார்த்தால் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பொங்கலுக்கு முன்னால் அவர்கள் பேப்பரைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கம்பெனிகள் திறந்தன. கோடையில் வேலிக்குள் ஆவாரையைத் தவிர எல்லாம் காய்ந்தது. ஒருநாள் மத்தியானம் தங்கை மஞ்சள் விரல்களோடு வந்து சோற்றுக்கு உட்கார்ந்தாள்.

"காட்டுக்குப் போனியாட்டி?" என்று ஆசையாகக் கேட்டேன். ஆமென்று தலையை ஆட்டினாள்.

குழம்பு ஊற்றக் குனிந்தேன். கந்தக வாடை அடித்தது.