துடைத்த முகம்

எங்கள் மலையூர் லத்தாகுங்காவில் ஃபௌஸ்தோ சிலுயிசாவின் ஸ்டூடியோவுக்கு அடுத்த கதவு என் கடை. அவன் படம் எடுப்பான், நான் கண்ணாடி வெட்டிச் சட்டம் போடுவேன். பதினெட்டு வருஷமாக இப்படித்தான். அவனைக் கெட்டவன் என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். ஆனாலும் அவன் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அவனுக்குத் தொழில் கவலைகள் ஆயிரம். மழை பிடித்தால் லென்ஸுக்குள் பூஞ்சை. கல்யாணத்தில் மோதிரம் மாற்றும் நேரம் பார்த்து ஃப்ளாஷ் மக்கர் பண்ணும். கம்ப்யூட்டரில் எப்போதும் இடம் இருக்காது. அதனால் ஆட்கள் படத்தை வாங்கிப் போனதுமே கேமராவில் எடுத்த அசலை அழித்துவிடுவான். திருத்திய படம் மட்டும் இருக்கும். திருத்துவது என்றால் முகத்தைத் துடைப்பது. பரு, மரு, சுருக்கம் எதுவும் மிஞ்சாது. கேட்காமலே செய்து கொடுப்பதுதான் மரியாதை என்று நினைத்தான். ஜனங்களும் பூரித்துப் போனார்கள். நான் என்ன யோக்கியமா, நானும்தான் பாராட்டினேன்.

எங்கள் ஊர்ப் பெரியவர் தோன் அமாப்லே குவானோலுயிசாவின் ஐம்பதாவது கல்யாண நாள் படமும் அப்படித்தான் ஆனது. கிழவருக்குப் புருவத்திலிருந்து வாயோரம் வரை ஒரு தழும்பு. சின்ன வயதில் கழுதை உதைத்ததாம். ஃபௌஸ்தோ பத்து நிமிஷத்தில் அதைக் காணாமல் செய்தான். மகள் நெல்லி படத்தைப் பார்த்து, அப்பா புது மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார் என்று சிரித்தாள்.

அடுத்த வருஷம் அவர் மனைவி போய்ச் சேர்ந்தாள். கிழவருக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. ஒரு சந்தை நாளன்று வீட்டைவிட்டுப் போனவர் திரும்பவில்லை. நெல்லி ஸ்டூடியோவுக்கு ஓடிவந்தாள். அவள் போனில் இருந்த படங்களிலெல்லாம் தொப்பி அவர் முகத்தை மறைத்திருந்தது. தெளிவாக இருந்தது கல்யாண நாள் படம் ஒன்றுதான். ஃபௌஸ்தோ அதிலிருந்து அவரை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, 'காணவில்லை' என்று போட்டு, இருநூறு தாள் அச்சடித்தான். ஒட்டுவதற்கு நானும் போனேன். எங்களுக்கு அவரைத் தெரியும், அதனால் தழும்பு இல்லாதது ஒருவர் கண்ணிலும் படவில்லை. கண் இருந்தும் குருடாய்ப் போனோம்.

ஐந்தாம் நாள், கோதோபாக்ஸி மலைச்சரிவில் ஆடு மேய்ப்பவர்கள் அவரைக் கண்டெடுத்தார்கள். குளிரில் விறைத்து உயிர் போயிருந்தது. மலைக்குப் போகும் வழியில் இருக்கும் லாஸ்ஸோ பஸ் நிறுத்தத்தில் ரொட்டி விற்கும் பெண் செய்தி கேட்டு நெல்லியைத் தேடி வந்து அழுதாள்.

"ரெண்டு நாளா எங்கிட்டதான் உக்காந்திருந்தாரு தாயி. ரொட்டி கூடக் குடுத்தேன். பக்கத்துலயே உங்க தாளும் ஒட்டியிருந்துச்சு. அதுல மூஞ்சி சுத்தமா இருந்துச்சு, இவருக்கு இம்மாம்பெரிய தழும்பு. வேற ஆளுன்னு விட்டுட்டேன்."

தேவாலயத்தில் நடக்கும் இரங்கல் பூசைக்கான நினைவு அட்டைக்குப் படம் வேண்டுமென்று நெல்லி வந்தபோது நான் ஸ்டூடியோவில்தான் இருந்தேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"எங்கப்பா மூஞ்சி வேணும் அண்ணே. அந்தத் தழும்போட."

அழித்தாயிற்று என்று தெரிந்தும் ஃபௌஸ்தோ வெகுநேரம் கம்ப்யூட்டரில் தேடினான். பிறகு, வரைந்து தருகிறேன் என்று முனகினான். படத்தைத் திறந்து, மௌஸைக் கன்னத்துக்குக் கொண்டுபோனான். கை அங்கேயே நின்றுவிட்டது. திரும்பி அவளைப் பார்த்தான்.

"எந்தப் பக்கம், நெல்லி?"

இடது பக்கம். எனக்குத் தெரியும்.

"உங்க கையாலதானே அழிச்சீங்க," என்றாள் நெல்லி. அதற்கு மேல் அவள் அங்கே நிற்கவில்லை.

பூசையன்று கொடுத்த அட்டையில் தோன் அமாப்லேயின் பெயரும் தேதியும் மட்டும் இருந்தன.