தலையா, காலா?

எங்கள் ஊரான சித்தாண்டியில் வீட்டிலேயே கலர்ப் பிரிண்டர் வைத்துப் படம் அடித்துக் கொடுத்தார் பிரிண்டர்க்காரர். விரல்களில் ஒட்டிய மையை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்துத் துடைத்து, அது எந்த நிறச் சாரம் என்றே சொல்ல முடியாமல் போயிருந்தது. யார் வந்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்பார்: "தலை முதல்ல வரட்டுமா, கால் முதல்ல வரட்டுமா?"

போர்க்காலம். கரண்ட் எந்த நேரமும் போகும். படம் பாதியில் நின்றுவிடும். எல்லாரும் தலையைத்தான் கேட்பார்கள்.

நான் வாடகைப் பட்டமளிப்பு அங்கியோடு எடுத்த படத்தைக் கொண்டுபோயிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அம்மாவுக்குச் சான்றிதழை வாசிக்கத் தெரியாது. அங்கியையாவது சுவரில் பார்க்க ஆசைப்பட்டார். சண்டையில் பாதை மூடிச் சாமான் வராததால் பிரிண்டர்க்காரரிடம் ஒரேயொரு போட்டோத் தாள்தான் மிச்சம்.

"கால் முதல்ல வரட்டும் அண்ணன். என்ட முகத்த ஊரே பாத்திருக்கு. அங்கியத்தான் ஒருத்தரும் பாக்கல்ல."

"நல்லா யோசிச்சிக்க புள்ள. மறுகா என்னக் குத்தம் சொல்லப்படா."

படத்தைத் தலைகீழாகத் திருப்பி அடித்தார். செருப்பு வந்தது, அங்கி வந்தது, சுருட்டிப் பிடித்த சான்றிதழ் வந்தது. கழுத்துக்கு வந்ததும் கரண்ட் போனது.

எனக்கு அழுகை முட்டியது. அவர் தாளை மெல்ல உருவி, ஊதிக் காயவைத்து, இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"அங்கியத் திருப்பிக் குடுத்திட்டியா புள்ள?"

"ஓம்."

"தலை உன்னட்டத்தானே இரிக்கி? மறுகென்ன!"

அவர் என்னைத் தேற்றினாரா, கேலி செய்தாரா என்று இன்னும் பிடிபடவில்லை. அம்மா அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். வந்தவர்கள் கழுத்துக்கு மேலே தேடினால், "இந்தா நிக்கிறாள்" என்று என்னைக் காட்டுவார். நானும் தலையை நிமிர்த்திக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிற்பேன்.