அறுபத்திரண்டு தோல் துண்டுகள்

ஆம்பூர் தோல் பதனிடும் ஷாப்பில் சர்தார் பாஷா எண்ணியதை யாரும் திரும்ப எண்ணியதில்லை. எண்ணினால் அவருக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்துக்குப் பயந்துதான் எல்லாரும் நம்பினார்கள் என்பார்கள் சிலர், சுத்தப் பொய். மனிதர் எண்ணிக்கையில் தவறவே மாட்டார்.

1911 ஐப்பசியில் ரங்கூன் போன கப்பல் ஒன்று புயலில் மூழ்கியது. நம் பக்கத்தவர் அறுபத்து மூன்று பேர், செத்தவர் நாற்பத்து நாலு, பிழைத்தவர் பத்தொன்பது என்று கப்பல் ஆபீஸ் பட்டியல் அனுப்பியது. செத்தவர்களை முதலில் வாசித்தார்கள். பாஷாவிடம் தோல் சுமக்கும் ஐசக், தன் மனைவி தேவகிருபையின் பெயர் வந்ததும் எழுந்து போய்விட்டான். மற்றதைக் கேட்கவில்லை. ரங்கூனில் இருக்கும் அக்காளின் பிரசவத்துக்கென்று கிளம்பியவள் அவள்.

"எழுதுனவன் ஊருக்கு வந்து பார்த்தானா? நான் எண்ணிட்டு வர்றேன்" என்று பாஷா கிளம்பினார்.

தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் மை நிற்காது. அதனால் யாருடைய தோல் என்று தெரிய வால் பக்கம் வெட்டுக்குறி போடுவார்கள். அதேபோல் ஆளுக்கொரு தோல் துண்டு, ஊருக்கொரு குறி. ஆம்பூரில் தொடங்கி கணியம்பாடி, நெமிலி வரை வீடு வீடாக, "இந்த வூட்டுல இருந்து யாரு கப்பல் ஏறுனது?" என்று கேட்டார். பதினோரு நாளில் அறுபத்திரண்டு துண்டுகள். ஒன்று கம்மி.

"நீங்க ஒண்ண வுட்டிருப்பீங்க பாய்" என்றான் ஐசக்.

"நானா?" என்றார் பாஷா. ஐசக் தோல் சுமக்கப் போய்விட்டான்.

துண்டுகளைப் பட்டியலோடு ஒத்துப்பார்த்துச் செத்தவர், பிழைத்தவர் என்று இரண்டு குவியலாக்கினார். துண்டு இல்லாத பெயர் ஒன்றுதான்: பிழைத்தவர்களில் 'அமிர்தவள்ளி, நெமிலி'. மறுபடி நெமிலிக்குப் போய் அந்தப் பெயரைச் சொன்னார். பட்டம்மாள் என்ற பெண் ஓடிவந்தாள். "எம் பொண்ணுங்க. உசுரோட இருக்காளா?"

"முன்னமே ஏன் சொல்லல?"

"இந்த வூட்டுல இருந்து யாருன்னுதானே கேட்டீங்க? கட்டிக் குடுத்தவள நான் எப்படி சொல்றது? ஆம்பூர்ல எண்ணிக்குவாங்கன்னு இருந்துட்டேன். அங்க கிறிஸ்து வேதத்துல சேர்த்து தேவகிருபைன்னு பேர் வெச்சாங்க."

பாஷாவுக்குக் கணக்கு விளங்கியது. ஆள்களைக் கப்பலேற்றிக் கூட்டிப்போன நெமிலி மேஸ்திரி தனக்குத் தெரிந்த பழைய பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறான். ஆம்பூர்ப் பாதிரியாரும் அவளுடைய ஞானஸ்நானப் பெயரைக் கப்பல் ஆபீசுக்கு அனுப்பியிருக்கிறார். கப்பலில் ஏறியது ஒருத்தி, பட்டியலில் ஏறியது இரண்டு பேர். கரையேறியவர்களைப் பெயர் கூப்பிட்டபோது முதலில் வந்த பழைய பெயருக்குக் கை தூக்கிவிட்டு ஒதுங்கிவிட்டாள். இரண்டாவது பெயருக்குக் கை தூக்க ஆளில்லாததால் அவளைச் செத்தவளாக்கிவிட்டார்கள்.

ஆம்பூர் திரும்பியதும் ஐசக்கைக் கூப்பிட்டு, செத்தவர் குவியலிலிருந்து தேவகிருபையின் துண்டை எடுத்துப் பிழைத்தவர் பக்கம் வைத்தார்.

"நாப்பத்து மூணுதான்டா. உம் பொண்டாட்டி இங்க இருக்கா."

ஐசக் அழுதுகொண்டே அந்தத் துண்டை எடுத்து மடியில் முடிந்துகொண்டான். பாஷா கேட்டும் தரவில்லை.

தை பிறந்ததும் தேவகிருபை வந்து சேர்ந்தாள். மிச்சத் துண்டுகள் பாஷாவின் பெட்டியில் கடைசிவரை இருந்தன. யாராவது எண்ணிப் பார்த்து அறுபத்தொன்றுதான் இருக்கிறது என்றால் அவருக்குக் கோபம் வரும்.

"கணக்கு சரிதான். ஒண்ணு வூட்டுக்குப் போய்டுச்சு."