அக்காவின் அலை

என் அக்காவுக்கு மனிதர்கள் என்றால் தலைகள்தான். என் மாமனாரை முதன்முதலாகப் பார்த்தபோதே, "நல்ல வழுக்கை, கம்பி சுலபமா ஒட்டும்" என்று சொல்லி என் மானத்தை வாங்கினாள்.

கண் மருத்துவமனையின் மாடியில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை அவளுடைய ராஜ்யம். நோயாளியின் பின்மண்டையில் பசை தடவிக் கம்பிகளை ஒட்டுவாள். ஒரு கண்ணை மூடி, மற்றதற்குத் திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களை மாற்றி மாற்றிக் காட்டுவாள். கண் பார்த்தது மூளைக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கே எழும் துளி மின்சாரம், கணினியில் அலைபோல ஒரு மேடாக விழும். கண் நரம்பில் கோளாறு இருந்தால் மேடு தாமதமாக வரும். நோயாளி பல்லைக் கடித்தால் தாடைத் தசையின் மின்சாரமும் கலந்து எல்லாம் கெட்டுவிடும். அதனால் வீட்டில் நான் கோபப்பட்டாலும், "தாடையத் தளர்த்துடா" என்பாள். எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

திங்கட்கிழமைகளில், நோயாளிகள் வருமுன் மிஷினைத் தன் தலையிலேயே சோதிப்பாள். எப்போதும் இடது கண் மட்டும்தான். தன் மேடு எங்கே வரும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

புதுத் திரை மாட்டிய வாரம் மேடு தள்ளி வந்தது. அக்கா கம்பியை மாற்றினாள், பசையை மாற்றினாள், திரை விற்றவனைப் போனில் கிழிகிழியென்று கிழித்தாள். மேடு நகரவில்லை. அடுத்து, எதிரில் இருக்கும் என் தையல் கடைக்குப் போன் வந்தது.

"உடனே வா, உன் தலை வேணும்."

"கைல துணி இருக்குக்கா."

"துணிய வச்சிட்டு தலைய எடுத்துட்டு வா."

போனேன். சொன்னபடி நடுவிலிருந்த சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். முடிந்ததும் அக்கா கணினியையே பார்த்தாள். முகம் வெளுத்து, கண் கலங்கியிருந்தது.

"என் கண்ணுக்கு என்னக்கா?"

"உனக்கு ஒண்ணுமில்லடா. எங்க வரணுமோ கரெக்டா அங்க வந்திருக்கு."

"அப்புறம் ஏன் அழற?"

"மிஷின் நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. திரையும் சரி, கம்பியும் சரி. மிச்சம் இருந்தது அவள் கண். சில நாட்களாக இடது கண்ணைத் திருப்பினால் வலித்ததாம், சிவப்பு வெளிறித் தெரிந்ததாம். அசதி என்று விட்டுவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் பாக்கத் தெரியுது, உன்னப் பாக்கத் தெரியலயா?" என்று கத்தினேன். அவள் தாடையைத் தளர்த்தச் சொல்லவில்லை.

டாக்டரம்மா, பார்வை நரம்பில் வீக்கம் என்று சொல்லி மருந்து ஏற்றினார். "பார்வை பெரும்பாலும் திரும்பிடும். அலை மட்டும் லேட்டாவே வரலாம், அதுக்காக பயப்படாதீங்க" என்றார். அதற்குள் இடது கண் மங்கிப்போயிருந்தது. ஒரு கண்ணை வைத்து ஓட்டிவிடலாம் என்று நான் தைரியம் சொன்னேன்.

"நாளைக்கு அதுவும் படுத்துக்கிட்டா? அந்த ரூம விட்டுட்டு நான் எங்க போவேன்?" என்றாள். என் அக்கா பயந்து நான் பார்த்தது அப்போதுதான்.

வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை, மிஷினைச் சோதிக்க இனித் தன் தலை உதவாது என்று என்னைக் கூப்பிட்டாள். தேவைக்கு மேலேயே அழுத்தித் தேய்த்துக் கம்பிகளை ஒட்டினாள். என் மேடு விழுந்தது. உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, கணினியின் பக்கம் குனிந்தாள். மேட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த எண்ணை இடது கண்ணாலேயே மெதுவாகப் படித்தாள். கையை எடுத்துவிட்டு இரண்டு கண்ணாலும் பார்த்தாள். மறுபடியும் பொத்திக்கொண்டு படித்தாள்.

"சரியா இருக்காக்கா?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள், புடவையைச் சரி செய்தாள், என் தலையில் கம்பிகள் இருப்பதையே மறந்து கதவைத் திறந்து, வராந்தா முழுக்கக் கேட்கும்படி முதல் நோயாளியைக் கூப்பிட்டாள்.