என் மனைவியின் ஆனைக்கல்

மனைவிக்கு ஒரு பழைய காதலன் இருந்தால் அவனோடு சண்டைக்காவது போகலாம். எனக்கு வாய்த்தது ஒரு பாறை. ஹேவாஹெட்டப் பக்கம், அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் உச்சியில் அது உட்கார்ந்திருக்கிறது. ஆனைக்கல் என்று பெயர். கலியாணம் ஆன நாளிலிருந்து அதைப் பற்றிக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

நான் கண்டிக்குப் பக்கத்திலுள்ள கட்டுகஸ்தோட்டையில் பிறந்தவன். பாலத்துக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன ஹாட்வெயார் கடையை நடத்துகிறேன். அவள் ஆசிரியை. எங்கள் வீட்டில் வானம் இருண்டால், "எங்க ஊர்ல ஆனைக்கல்லு மறைஞ்சாத்தான் மழை" என்பாள். ஐஸ் தண்ணீர் கொடுத்தால், "எங்க பீலித் தண்ணிக்கு ஈடாகுமா" என்பாள், மலையிலிருந்து வாய்க்கால் வழியே வந்து விழுகிற தண்ணீரைச் சொல்கிறாள். சமதரையில் கட்டிய வீட்டுக்குள்கூட இடம் வலம் கிடையாது. துடைப்பம் எங்கே என்று கேட்டால், "அலுமாரிக்குப் பணியப் பக்கம்" என்று பதில் வரும். மலைச்சரிவில் கீழ்ப்பக்கத்தை அப்படித்தான் சொல்வார்களாம். என் வீட்டுக்கு ஏது மேலும் பணியவும்!

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இந்த வருடம் அவள் தோட்டத்துப் பாடசாலையில் ஓர் இடம் காலியாகி, விருப்பமா என்று அவளிடம் கேட்டார்கள். "போனா நல்லாருக்கும்ங்க. அண்ணன் வீட்ல தங்கிக்கிட்டு சனி ஞாயிறு வந்துருவேன்" என்றாள். எவ்வளவு மெதுவாகச் சொன்னாளோ அவ்வளவுக்கு எனக்கு எரிந்தது. மகள் ஏற்கெனவே கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாள். இவளும் போனால் அந்த வீட்டில் நானும் ஃபிரிட்ஜும்தான் மிச்சம்.

ஒரு ஞாயிறு, காலைப் பூசை முடிந்ததும், "உன் ஊருக்கு ஒரு தடவை போய் வருவோம்" என்றேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த ஊரின் ஒவ்வொரு அழகையும் குறை சொல்லி அவள் மனதை மாற்றுவதுதான் என் திட்டம்.

பஸ்ஸை விட்டு இறங்கிய வளைவிலேயே ஆரம்பித்தேன். இரண்டு மலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் காற்று ஆளைத் தள்ளுகிறது. "சளி பிடிக்கிற இடம்" என்றேன். அருவிக்குக் கூட்டிப்போனாள். "தண்ணிக் குழாய் உடைஞ்ச மாதிரி இருக்கு" என்றேன். சவுக்கு மரங்களைத் தாண்டி மானாப் புல்லுக்குள் மூச்சு வாங்க ஏறினோம். கடைசியில் என் எதிரி முன்னால் நின்றேன்.

"இதுல தும்பிக்கை எங்க இருக்கு?" என்றேன்.

"கிட்ட வந்தா தெரியாதுங்க. ஸ்கூல்ல இருந்து பார்க்கணும்."

செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள். கீழே பள்ளத்தாக்கில் பனி விலக விலக, இஸ்டோர் என்று அவர்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் தகரக் கூரை, கோயில் மரம், ஓடை என்று ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் பார்த்தது அவள் முகத்தை. கடன் வாங்கி எடுத்துக்கொடுத்த எங்கள் சோபாவில் ஒரு நாளாவது அவள் இப்படி உட்கார்ந்ததில்லை.

அவள் அண்ணன் வீட்டில் எனக்கு வாசலில் கதிரை போட்டார்கள். அண்ணன் மனைவி தேத்தண்ணி ஊற்ற உள்ளே போக, இவளும் கூடவே போனாள். குசினிப் பேச்சு எனக்கு நன்றாகக் கேட்டது.

"கட்டுகஸ்தோட்டையில என்னதான் இருக்கு? ஒரே கடையும் பஸ்ஸும்தானே" என்றார் மதினி.

நான் காதைத் தீட்டிக்கொண்டேன். 'அவர் இருக்கிறாரே' என்று சொல்வாள் என்று ஒரு நப்பாசை.

"ஏன் மதினி, ஆறு இருக்கே" என்றாள். "பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மூங்கில் தண்ணிக்குள்ள சாஞ்சு கிடக்கு. அதுல ஒரு நீர்க்காகம் வந்து இறக்கையை விரிச்சுக் காய வைக்கும். காலையில ஊருக்கெல்லாம் பனி இருக்காது, ஆத்துக்கு மேல மட்டும் ஆறு மாதிரியே வளைஞ்சு நிக்கும். மேல நாவலப்பிட்டிப் பக்கம் மழை பெஞ்சா, எங்களுக்கு ஒரு சொட்டு விழாமலே தண்ணி செவந்துரும். அவ்வளவு அழகு மதினி."

எந்த மூங்கில்? எந்தக் காகம்? பிறந்ததிலிருந்து நான் அந்த ஆற்றோரத்தில்தான் இருக்கிறேன். அவள் மலை அவளோடு இருக்கட்டும் என்று விட்டால், என் ஆற்றையும் அல்லவா எடுத்துக்கொண்டிருக்கிறாள்!

"அவ்வளவு இருக்கிறப்ப ஏன்டி இங்க வரணும்ங்கிற?"

"தனியா எவ்வளவு நாள் பார்க்கிறது? அவருக்கு அந்த ஆத்துல பாலம் மட்டும்தான் தெரியும். அதுவும் டிராஃபிக் நிக்கிறப்ப. இங்கன்னா எதைக் காட்டினாலும் ஆமான்னு சொல்ல நீங்க இருக்கீங்க."

தேத்தண்ணி வந்தது. மதினியின் கையிலிருந்து வாங்கும்போது அந்த அம்மாள் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. ஓர் 'ஆமா' சொல்வதற்கு என்ன செலவு? அதை நான் சொல்லியிருக்க மாட்டேனா?

திரும்பும் வழியில், கண்டியில் இறங்கி அடுத்த பஸ் ஏறிய பிறகுதான் கேட்டேன்.

"அந்த நீர்க்காகம் எந்தப் பக்கம் வரும்? நாளைக்குக் காலையில காட்டுறியா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை.

"காட்டுறேங்க" என்றாள். பிறகு மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டே, "அந்த ஸ்கூலுக்கு நான் சம்மதம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். போன வியாழக்கிழமையே" என்றாள்.

பஸ் பாலத்தில் ஏறியது. அவள் ஜன்னல் பக்கம் சாய்ந்து ஆற்றைப் பார்த்தாள். நானும் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.